மரியாதைக்குரிய இடுப்பு வலி

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்யும் தம்பிதுரையின் இடுப்பு வலி, அந்த வட்டாரத்தில் ஒரு பிரமுகர். கல்யாண வீடுகளில் அதற்கென்று தனி நாற்காலி போடுவார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது, மிஷினைச் சர்வீஸ் பண்ணச் சொல்லிவிட்டு வந்தார் தம்பிதுரை.

சிக்கல், தங்கச்சி மகள் நித்யஸ்ரீயின் காதுகுத்து உருவில் வந்தது. கொடுமுடிப் பக்கம் குலதெய்வக் கோயில். தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இவர் சம்மணம் போட்டு வருஷக்கணக்கு ஆகிறது.

"முடியாட்டி உடுங்கண்ணா. நானும் மாமந்தானுங்க" என்றான் ஒன்றுவிட்ட தம்பி காளிச்சாமி.

ஒரே தங்கச்சி. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அது காளிச்சாமி மடியில் உட்காருவதை நினைத்தாலே தம்பிதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி பழனாத்தாள் அவரைத் துடியலூரில் அக்குபஞ்சர் பார்க்கும் ஷைலாவிடம் இழுத்துப் போனாள். வழியெல்லாம் சீனர்களின் தொன்மையான அறிவைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தவர், ஊசியைப் பார்த்ததும் சீனாவை மறந்தார்.

"வலிக்குதுங்களா?" என்றாள் ஷைலா.

"இல்லீங்க." கண்ணில் நீர்.

"இங்க?"

"நல்லா இருக்குதுங்க."

"வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க, அம்மணி."

வீட்டில் ஓடு பறக்கக் கத்துகிற மனிதர். ஆனால் வெளியாளிடம், நீங்கள் செய்வது வலிக்கிறது என்று சொல்வது, எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் காப்பி நன்றாயில்லை என்பதற்குச் சமம். இப்படியே சில வாரங்கள் போயின. இடுப்பு அசையவில்லை.

ஒரு நாள் ஷைலா ஊசியைக் கீழே வைத்தாள். "எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தான் நான் இடத்த மாத்த முடியும் சார். மரியாதையச் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க."

"அப்படிக் கேளுங்க அம்மணி" என்றாள் பழனாத்தாள். "மரியாதையெல்லாம் ஊருக்கு, கத்தறது மட்டும் எனக்குங்க."

தம்பிதுரை வாயைத் திறந்தார். "வலிக்குதுங்க." சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

"எப்படி வலிக்குது? மூச்ச நீளமா விட்டுட்டே சொல்லுங்க."

இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்த வலியை அவர் ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. "இழுக்குதுங்க... இப்பச் சுடுதுங்க... இப்பக் கொஞ்சம் தள்ளிப் போயிருச்சுங்க." வலி போய்விடவில்லை. ஆனால் பிரமுகர் நடு மேடையிலிருந்து இறங்கி ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

"இது ஊசியாலீங்களா, மூச்சாலீங்களா?"

"ஆராய்ச்சி பண்றவங்களே அதுக்கு இன்னும் அடிச்சுக்கிறாங்க சார். உங்களுக்குச் சம்மணம் வந்தாச் சரி."

வந்தது. காதுகுத்தன்று தம்பிதுரை தரையில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே காளிச்சாமி, புது வேட்டியில். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் நித்யஸ்ரீ வீறிட்டுத் துள்ளினாள். மாமன் இடுப்பில் மின்னல் வெட்டியது.

"வலிக்குதுங்களாண்ணா? நான் மாத்திக்கட்டுங்களா?" காளிச்சாமியின் குரலில் அத்தனை கரிசனம்.

சனம் முழுக்கப் பார்த்தது. "வலிக்குது" என்றார் தம்பிதுரை. "இழுக்குது. இப்பச் சுடுது. நீ தள்ளி நில்லு, காத்து வரட்டும்." மூச்சை நீளமாக விட்டார். அது மொட்டைத் தலையில் பட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது. "கண்ணு, உனக்கும் வலிக்குதா? வா, ரெண்டு பேருமா ஊதிக்கலாம்." அதற்குள் ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார்.

எழும்போதுதான் தெரிந்தது, உட்காரத்தான் பழகியிருந்தார், எழுந்திருக்கப் பழகவில்லை. பிள்ளையோடு சேர்த்து அவரைக் காளிச்சாமியும் இன்னொருவரும் தூக்கிவிட்டார்கள்.

"ஏனுங்க, பத்துக்கு எத்தனை?" என்றாள் பழனாத்தாள்.

"ஆறு இருக்கும்" என்றார் தம்பிதுரை, பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல்.