கடைசி ஸ்பாட்டுலா

அக்காவுக்குக் கொண்டுவந்த ரவைக் கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கருப்பை வாய்ப் புற்று, முற்றிவிட்டது, மூணு வருஷம் முன்னாடியே பார்த்திருக்கலாம் என்று காலையில்தான் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த வனஜா, அக்கா ஜெயலட்சுமி எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

வனஜா நர்ஸ். கன்னட எல்லையோரம் அத்திபெலே பக்கம் பெண்களுக்குப் புற்றுப் பரிசோதனைக் கேம்ப் நடந்தால் டாக்டருக்கு ஸ்பாட்டுலா எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். மெல்லிய மரக் குச்சி அது. கருப்பை வாயில் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பென்சிலால் பேரெழுதி லேபுக்கு அனுப்புவார்கள். கூச்சப்படுகிறவர்களை, "ரெண்டே நிமிஷம்தாங்க, ஊசிகூட இல்ல" என்று பேசிப் பேசியே படுக்கவைத்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு: வீட்டு ஆட்கள் கடைசியில்தான். சொந்தக்காரர்களை முன்னால் தள்ளிவிடுகிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அந்த நல்ல பேருக்காக உயிரையே கொடுப்பாள். யாருடைய உயிரை என்பது அப்போது தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கேம்ப். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அக்காவுக்கு. கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்து காலையிலிருந்து காத்திருந்தாள். பெட்டியில் ஒரே ஒரு ஸ்பாட்டுலா மிச்சம். அக்கா எழுந்து செருப்பைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள். சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ அடுத்த கேம்புக்கு வாக்கா" என்றாள் வனஜா.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். வனஜா கண்ணாடித் துண்டில் ஓடிவந்தவளின் பேரை, 'மௌரீன்' என்று எழுதினாள். அடுத்த கேம்புக்கு அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்ததற்குக் கூப்பிட வனஜாவுக்கே மறந்துபோனது.

"வனி, ஸ்வல்ப கிட்ட வா."

குனிந்தாள்.

"அன்னிக்கு ஓடி வந்துச்சே ஒரு அம்மா, அதுக்கு என்ன வந்துச்சு?"

அந்த ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்ததே வனஜாதான். பொய் சொல்லலாம். அந்தம்மாவுக்கும் இருந்தது, உன்னால்தான் பிழைத்தாள் என்று சொன்னால் அக்காவுக்கு ஆறுதலாவது மிஞ்சும். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக அக்காவிடம் பொய் சொல்லிப் பழகாத வாய்.

"ஒண்ணுமில்லக்கா. நார்மல்."

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு, விடு" என்றாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. வனஜா கையை நீட்டினாள். அந்த முதுகைத் தொட முடியாமல் கை அப்படியே நின்றது.