நுதராக் திரும்பிய மலை

அன்று கௌனாக்கின் வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: கௌனாக், அவர் மனைவி அலாசுவா, மச்சான் முறையுள்ள மிட்டிக், வரைபட அலுவலகத்திலிருந்து வந்த நுதராக் என்ற இளம்பெண்.

கௌனாக்கின் தந்தை நுதராக் இறந்த மாதத்தில் பிறந்து, அவர் பெயரைப் பெற்றவள் இவள். இறந்தவரின் பெயரைச் சூட்டினால் அந்தக் குழந்தையாக அவரே திரும்பி வருகிறார் என்பது ஊர் நம்பிக்கை; ஆகவே எழுபது வயது கௌனாக்குக்கு இவள்தான் அப்பா. ஊரில் யாரும் அதை வேடிக்கையாக நினைப்பதில்லை.

பனிப்பாளத்தின் நடுவே ஒற்றையாக நிற்கும் சிகரத்துக்கு வரைபடத்தில் அதுவரை வெறும் எண்தான். ஊர் வாயிலோ அது ‘நுதராக் திரும்பிய மலை’. பட்டினி கிடந்த ஒரு வசந்தத்தில் மான் தேடி இருவர் ஏறினார்கள். மிட்டிக்கின் தந்தை உச்சிவரை போய் மந்தையைக் கண்டார். கௌனாக்கின் தந்தை நுதராக் பாதியிலேயே இறங்கிவிட்டார். அந்தப் பெயர் அச்சேறக் கூடாது என்று கௌனாக் பிடிவாதமாக இருந்தார்.

“‘நுதராக் காவல்’னு எழுதுங்கப்பா. உச்சியில கல் அடுக்கிட்டுதான் இறங்கினீங்க.”

மிட்டிக் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுச் சிரித்தார். “கல்லா? எங்கப்பா மேல போய்ப் பார்த்தாரு மச்சான். காக்கா எச்சம்கூட இல்லையாம்!”

“உன் வாயில மீன்முள் மாட்ட!” என்றாள் அலாசுவா.

நுதராக் பேனாவை மூடினாள். “மகனே, நீ எங்க பொறந்த?”

“அந்த மலையடியில. கூடாரத்துல.”

“எப்போ?”

கௌனாக் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க மலையேறின அன்னிக்குத்தான்.”

“மேல மான் இருந்துச்சோ இல்லையோ, கீழ உங்கம்மாவுக்கு வலி. தனியா விட்டுட்டு வந்தோமேன்னு பயந்துட்டேன், திரும்பிட்டேன். அதுல உனக்கென்னடா வெட்கம்?”

மிட்டிக் இப்போது சிரிக்கவில்லை. “எங்கப்பாகூட அதை ஒரு குறையாச் சொன்னதில்ல,” என்றார் மெதுவாக. “நாங்கதான் சிரிச்சோம்.”

கௌனாக் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்கப்பா. ஊர் சொல்ற பேரையே எழுதுங்க. எழுத்துப் பிழை இல்லாம.”

மிட்டிக்கின் கேலிக்குத் தோற்றுத்தான் கௌனாக் விட்டுக்கொடுத்தார் என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அவர் யாருக்கும் தோற்கவில்லை. அப்பா சொன்னார், மகன் கேட்டார்.