பின்சீட்டு உறை

சர்வீஸ் சென்டரின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மைலேஜ் நின்றிருந்தான். உள்ளே மெக்கானிக் அவனுடைய காரின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் கார். அதன் மைலேஜ் பெருமையை டாக்ஸி ஸ்டாண்டில் அளந்து அளந்தே, சொந்தப் பெயரைத் தொலைத்து 'மைலேஜ்' ஆனவன் அவன்.

"பெரிய பேட்டரி சூட்டுல போயிடுச்சு. புதுசுதான் போடணும்," என்றார் சூப்பர்வைசர்.

"கேரண்டி இருக்கே சார்? அதச் சொல்லித்தானே என் தலையில கட்டினீங்க!"

"இருக்கு. ஆனா இங்க பாருங்க." சீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை. "பேட்டரிக்குக் காத்து போற வழி. உறை போட்டு மூடிட்டீங்க. இதுக்கு கேரண்டி வராது."

உறை அவன் மனைவி தைத்தது. உறையில்லாத காருக்குச் சவாரி இல்லை என்று டாக்ஸி கம்பெனி சொன்னதும், கடையில் வாங்குவானேன் என்று அவளே இடுக்கு விடாமல் இழுத்துத் தைத்தாள். ஒரு சுருக்கம் கிடையாது. கம்பெனி செக்கர் அதைக் காட்டித்தான் மற்ற டிரைவர்களை ஏசுவார்.

"ஏங்க, என் கையாலயே நம்ம பொழப்புல மண்ண போட்டுட்டேனா?" என்றாள் வீட்டில்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. "நீ என்ன பண்ணுவ? கார விக்கும்போது இதப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கலயே."

இத்தனை வருடம் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் புது பேட்டரிக்குப் போயிற்று. போதாததற்கு அவளுடைய வளையல்களும் போயின. கார் வீட்டுக்கு வந்த அன்றே, சல்லடைக்கு நேராக உறையை வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து, பொடித் தையலாகச் சுற்றிலும் தைத்தாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் கம்பெனி வாசலில் செக்கர் பின்கதவைத் திறந்தார். வெட்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னப்பா மைலேஜ், உன் வண்டியிலயே ஓட்டையா?"

"காத்து போகணும் சார். அடைச்சா பேட்டரி போயிடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உறை முழுசா இருக்கணும். அடைச்சு தைச்சுட்டு வா, சவாரி தரேன்."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் காரை ஓரங்கட்டினான். வண்டி நின்றதும், ஹைபிரிட் வழக்கப்படி என்ஜின் தானாக அடங்கியது. அவள் தைத்த வட்டத்துக்குள் காற்று சீராகப் போய்க்கொண்டிருந்தது.