பல்வலிக்காரனும் பதினாறு கதவுகளும்

என்சாலியின் கடைவாய்ப் பல் பதினொரு நாளாக வலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவன் பல்லைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசவில்லை. அவனுக்கு அலுப்பதற்குள் கேட்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. பதினேழு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு கதவு என்று, ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நீளவீட்டில் ஒருவனின் பல்வலி அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அவன் முனகினால் நாலு கதவு தாண்டிக் கேட்கும். ஆறாம் கதவுக்காரன் தனக்கும் கேட்கிறது என்றான். அவன் எதிலும் பின்தங்க விரும்பாதவன்.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. கிராம்பை நசுக்கி வைத்தார்கள். காட்டுக்கொடியின் பாலை விட்டார்கள். ஈறு வெந்தது, பல் அப்படியே இருந்தது. படகு ஓட்டும் ஜம்பாங், என்சாலியின் மனைவி ரிண்டாவின் அண்ணன் மகன், ஒரு யோசனையோடு வந்தான்.

"மாமா, மோட்டார் கயித்துல பல்லக் கட்டிருவோம். ஒரே இழுப்புதான். பல்லும் வந்துரும், மோட்டாரும் ஸ்டார்ட் ஆயிரும்."

"உன் மோட்டார் என்னைக்குடா ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு?"

ஜம்பாங் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் வானொலியில் சேதி வந்தது. ஹெலிகாப்டரில் வரும் மருத்துவக் குழு வியாழக்கிழமை நங்கா செலியாவில் இறங்குகிறது, இந்த முறை பல் டாக்டரும் உண்டு. அந்த ஊர் ஆற்றோட்டத்தில் கீழே, படகில் இரண்டு மணி நேரம். நண்பகல் வரைதான் இருப்பார்கள். அதற்குமேல் மலையிலிருந்து மேகம் இறங்கிவிடும், ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. பல் டாக்டர் மறுபடி எப்போது வருவார் என்று வானொலி சொல்லவில்லை. போன முறை வந்தபோது என்சாலியின் மகள் லினா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் மூன்றாம் வகுப்பு.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு என்சாலி கிளம்பத் தயாரானான். கூடவே ரிண்டாவும். வழி என்று பார்த்தால் சுலபம்தான். அவன் வீடு பதினேழாம் கதவு, மேல்கோடி. ஆற்றுக்கு இறங்கும் படிமரம் ஒன்றாம் கதவருகே, கீழ்கோடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவான நீளக் கூடம். இருநூறு தப்படி இருக்கும். அந்த இருநூறு தப்படிதான் ஆற்றைவிடத் தொல்லை.

கிளம்புகிறவனைப் பார்த்து யாராவது சாப்பிடு என்று சொல்லிவிட்டால் அவன் சாப்பிட வேண்டும். முடியாவிட்டால் விரல் நுனியால் பண்டத்தைத் தொட்டு, உதட்டில் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டும் செய்யாமல் போனால் அது பூனி. அன்றைக்குப் பாம்போ முதலையோ முறிந்த கிளையோ அவனைத் தேடிக்கொண்டு வரும். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாக வந்த பாதிரியார் முதல் வருஷம் சிரித்தார். இரண்டாம் வருஷம் அவரைப் பூரான் கடித்தது. அதன்பிறகு அவரும் தொடுகிறார்.

"பின்பக்கமா இறங்கிப் போயிரலாமா?" என்றான் என்சாலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"பன்னிக் கொட்டில் வழியாவா? டாக்டர் உன் வாய்ப்பக்கமே வரமாட்டாரு. நட."

நடந்தார்கள். பதினொரு நாள் பட்டினி கிடந்தவன் பயணம் போகிறான் என்றால் எந்தக் கதவுதான் சும்மா இருக்கும்? பதினாறாம் கதவில் கஞ்சி. தொட்டான். பதினைந்தில் மூங்கிலில் வெந்த பச்சரிசிச் சோறு. தொட்டான். பதினான்கில் காட்டுப்பன்றிக் கொழுப்பு.

"மெல்ல வேணாம்பா, அது தானா வழுக்கிட்டு உள்ள போயிரும்."

"தொட்டுட்டேன் அக்கா."

"தொட்டா வயிறு நெறையுமா?"

"பல்லு வலிக்குதுக்கா."

"அதுதான் பதினோரு நாளா கேக்குறோமே!"

அடுத்து பெரணிக்கீரை, புகையிட்ட மீன், புளிக்கவைத்த டுரியான் பழம். ஆறாம் கதவுக்காரன் மட்டும் மூன்று தட்டு வைத்தான். மூன்றாம் கதவைத் தாண்டும்போது என்சாலியின் ஆள்காட்டி விரலில் ஒரு கல்யாணப் பந்தியே மணத்தது. வீட்டு நாய்கள் இரண்டு அந்த விரலின் பின்னாலேயே வந்தன.

பதினைந்து கதவு முடிந்தது. மிச்சம் ஒன்றாம் கதவு. அங்கே அவனுக்குக் கவலை இல்லை. அது மிந்துவின் வீடு. மிந்து அவனைச் சாப்பிடு என்று சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று.

அது ஒரு அறுவடைத் திருவிழாவில் வந்த வினை. அரிசியைப் புளிக்கவைத்து வடிக்கும் துவாக் எல்லார் வீட்டிலும் உண்டு. பக்கத்து ஆற்று விருந்தாளிகள் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, மிந்துவின் துவாக்கை ஒரு வாய் குடித்துவிட்டு என்சாலி சொன்னான்: "இத ஜம்பாங் மோட்டார்ல ஊத்துங்கப்பா, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிரும்." நாற்பது பேரும் சிரித்தார்கள். சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அன்றிலிருந்து மிந்து அவனுக்குத் தண்ணீர்கூடக் காட்டியதில்லை. கதவருகே அவன் வரும்போது அவள் கூடையைப் பின்னுவாள், கோழியை விரட்டுவாள், சுவரைப் பார்ப்பாள். நீளவீட்டில் ஒருவனைத் திட்டுவதற்கு ஆயிரம் வழி உண்டு. சாப்பிடக் கூப்பிடாமல் விடுவதற்கு ஈடாக ஒன்றுகூட இல்லை. பதினைந்து கதவும் கூப்பிட, ஒரு கதவு கூப்பிடாது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் எல்லார் கண் முன்னாலும்.

என்சாலி படிமரத்தில் கால் வைத்தான்.

"லினாப்பா," என்றது பின்னாலிருந்து மிந்துவின் குரல். "காப்பி இருக்கு."

அவன் காதில் தெளிவாக விழுந்தது. ரிண்டாவின் காதிலும் விழுந்தது. இரண்டு வருஷம் சுவரைப் பார்த்தவள், பல் வீங்கி மூஞ்சி பூசணிக்காயாக இருக்கும் நாள் பார்த்துக் கூப்பிடுகிறாள். இரக்கப்படுகிறாளாம். என்சாலிக்கு வலியைவிட அது சுருக்கென்றது. காது கேளாதவன்போல விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டான்.

ஜம்பாங் கயிற்றை இழுத்தான். மோட்டார் இருமியது. மறுபடி இழுத்தான். ஒன்பதாவது இழுப்பில் அது இருமுவதையும் நிறுத்தியது.

"எல்லாத்தையும் தொட்டீங்கல்ல மாமா?"

"தொட்டேன், தொட்டேன். இழு."

"டேனியம்மா காப்பியத் தொடல," என்றாள் ரிண்டா ஆற்றைப் பார்த்துக்கொண்டே. டேனி மிந்துவின் மகன்.

ஜம்பாங் கயிற்றைக் கீழே வைத்தான். "இறங்குங்க."

"டேய், மணி எட்டாகப் போகுது!"

"மாமா, தண்ணி வத்திக் கெடக்கு. முதலைக்கு முதுகெல்லாம் வெயில் படுது. அது ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கு. நீங்க பூனியோட வந்தா, அது உங்கள மட்டும் பொறுக்கி எடுத்துட்டுப் போவாது. படகக் கவுத்துட்டுத்தான் தேடும். எனக்கு இந்தப் படகுதான் இருக்கு."

"போயிட்டு வா," என்றாள் ரிண்டா. "ஒரு விரல்தான? பதினஞ்சு எடத்துல நீட்டின விரல்."

என்சாலி ஏறினான். அதற்குள் கூடத்தில் பதினாறு கதவுக்காரர்களும் கூடியிருந்தார்கள். அவன் எதற்கு வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. படிமரத்தின் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

மிந்து பாயில் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"காப்பி," என்றான் என்சாலி.

"குடிச்சிட்டேன்."

"மொத்தமாவா?"

"ஆமா. வேணாம்னு போனவனுக்காக வச்சிட்டு உக்காந்திருப்பாங்களா?"

"கப்பக் குடு. தொட்டுக்கிறேன்."

"கழுவியாச்சு."

கழுவின கோப்பையைத் தொட்டால் பூனி தீருமா என்று வாக்குவாதம் கிளம்பியது. தீரும் என்றான் ஆறாம் கதவுக்காரன். கழுவின தண்ணீரைத் தொட்டால் தீரலாம் என்றாள் பன்றிக் கொழுப்புக்காரி. தண்ணீர் கீழே பன்றிகளிடம் போய்விட்டிருந்தது. அப்படியானால் பன்றியைத் தொடட்டும் என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் நீளவீட்டுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கூப்பிட்ட கையே வேற எதாவது வைக்கணும். அதான் மொறை. மிந்து, எதாவது வையி. பாவம், ஹெலிகாப்டர் போயிரும்."

மிந்து யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள்.

"வீட்ல ஒண்ணும் இல்லியே," என்றாள். கூடையை ஒதுக்கினாள். "துவாக் மட்டும் இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணம் ததும்பத் ததும்பக் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். என்சாலி விரலை நீட்டினான். அவள் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

"தொடுறது சோத்துக்கு. துவாக்கத் தொட்டுட்டுப் போற ஆம்பளைய நான் பாத்ததில்ல."

இது உண்மையில்லை. துவாக்கையும் தொட்டால் போதும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்து மறந்துபோனார்கள். தலைவர் கூரையைப் பார்த்தார்.

கீழேயிருந்து ஜம்பாங் கத்தினான்: "மாமா! தண்ணி கொறையுது!"

என்சாலி குடித்தான். முதல் வாய் பல்லுக்குள் இறங்கியதும் கண்ணில் பூச்சி பறந்தது. இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். இரண்டாம் வாயில் காலைக் கீழே வைத்தான். கிண்ணம் காலியானபோது தாடையில் பாதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றாள் மிந்து.

"நல்லாருக்கு."

"நாப்பது பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லு. அன்னைக்கு அப்பிடித்தான சொன்ன?"

"நல்லாருக்கு!"

"யாரோட துவாக்?"

"டேனியம்மா துவாக் நல்லாருக்கு!" என்று நீளவீடு அதிரக் கத்தினான் என்சாலி. நாய்கள் குரைத்தன. மிந்து இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். போகும்போது ஒரு பாட்டிலையும் கையில் திணித்தாள், டாக்டருக்காம்.

இந்த முறை மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. பூனி தீர்ந்ததைப் பார்த்தீர்களா என்பதுபோல ஜம்பாங் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆனால் ஆறு வற்றியிருந்தது. மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். அந்த மூன்று இடத்திலும் என்சாலி பாட்டுப் பாடினான், தள்ளவில்லை. நங்கா செலியா வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மலைமேல் மேகம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ரிண்டாவின் முகம் தொங்கிவிட்டது.

ஹெலிகாப்டர் பள்ளிக்கூட மைதானத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் விமானி வயிற்றின்மேல் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நங்கா செலியா நீளவீட்டுக்கு இருபத்திரண்டு கதவு. பல் டாக்டர் கடற்கரை ஊரில் வளர்ந்த சீனப் பெண், இந்தப் பக்கம் முதல் தடவை. காலையில் இறங்கியவளை வரவேற்று ஒன்றாம் கதவில் சாப்பாடு போட்டார்கள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொன்னார்கள். தொட்டால் போதும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நல்லா சாப்பிடுகிற பெண்ணாகத் தெரிந்தாள். என்சாலி போனபோது அவள் பதினொன்றாம் கதவில், மூன்றாவது பன்றிக்கறித் தட்டின் முன்னால் கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தாள். அதுவரை ஒரு பல்லும் பிடுங்கப்படவில்லை.

"டாக்டர்," என்றான் என்சாலி குழறலாக. "சாப்பிட வேணாம். இப்பிடித் தொட்டு, இப்பிடி ஒதட்டுல வச்சாப் போதும்."

அவள் அவன் விரலைப் பார்த்தாள். தன் தட்டைப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் முதல் ஆள்," என்றாள். "வாங்க."

மிச்சமிருந்த பதினொரு கதவையும் அவள் விரலாலேயே முடித்தாள், கிட்டத்தட்ட ஓடிக்கொண்டே. என்சாலியை மாணவர் பெஞ்சில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன குடிச்சீங்க?"

"மருந்து," என்றாள் ரிண்டா.

பல் வந்தது. இரண்டு வேர், ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில் கிராம்பு. இன்றைக்கு எதுவும் சாப்பிடக் கூடாது, சூடாக ஒன்றும் கூடாது, சாராயம் கூடவே கூடாது என்று சொல்லி, பல் இருந்த குழியில் பஞ்சை வைத்து அனுப்பினாள். மிந்துவின் பாட்டிலைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாள். மேகம் இறங்குவதற்குள் இன்னும் ஒன்பது பேருக்குப் பிடுங்கினாள்.

அந்தி சாயும்போது என்சாலி படிமரத்தில் ஏறினான். ஒன்றாம் கதவில் மிந்து காத்திருந்தாள். பாயின்மேல் கிண்ணம், அதில் துவாக்.

"போச்சா?"

தலையாட்டினான்.

"காலைல அவசரத்துல சொன்ன. இப்ப பல்லும் இல்ல, அவசரமும் இல்ல. உள்ளத சொல்லு."

என்சாலி விரல் நுனியை விட்டு எடுத்து உதட்டில் வைத்தான். கூடம் முழுவதும் தலைகள் திரும்பின. ரிண்டா அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் பஞ்சை வெளியே எடுத்தான்.

"மோட்டாருக்குத்தான்," என்றான்.

அகப்பை பறந்துவந்து முதுகில் விழுந்தது. நன்றி கெட்டவன், நாக்கு அழுகுகிறவன், மிச்சப் பல்லும் ஒரே நாளில் கொட்டட்டும் என்று பதினேழு கதவுக்கும் கேட்கும்படி மிந்து ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் சேர்த்து வைத்தது. சோறு வேகிற நேரம் ஓடியது. ஆறாம் கதவுக்காரன் தன் பங்குக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொடுத்தான்.

மறுநாள் காலை குளிக்க இறங்கிய என்சாலி ஒன்றாம் கதவைக் கடக்கும்போது தயங்கினான். மிந்து கூடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காப்பி இருக்கு, பொக்கவாயா."

அவன் உட்கார்ந்து முழுக் கோப்பையும் குடித்தான். காப்பியும் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. அதை அவன் சொல்லவில்லை. இன்னும் இருபத்தேழு பல் பாக்கி இருக்கிறது. ஆற்றுக்கு இறங்க வேறு படியும் கிடையாது.