ஏணி உச்சியில் கீச்சுக் குரல்

எனக்கும் என் நாத்தனாருக்கும் வீட்டில் ஒரே அடுப்பு, வேலையிடத்தில் ஒரே காந்தம். அடுப்பால் சண்டை வந்ததில்லை, காந்தத்தால்தான் வரும். அவள் ஆராய்ச்சி மாணவி. அந்தக் காந்தத்தையும் அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தையும் பார்த்துக்கொள்பவள் நான்.

அவள் துரத்துவது எலக்ட்ரானின் சுழலை. பிளாட்டினம் மாதிரிக் கனமான உலோகத்தில் எலக்ட்ரான் ஓடும்போது, அதன் சுழலும் பாதையும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். மேல்நோக்கிச் சுழல்வதெல்லாம் ஓர் ஓரம், கீழ்நோக்கிச் சுழல்வதெல்லாம் மறு ஓரம் என்று ஒதுங்கும், கல்யாணத்தில் இரு வீட்டாரும் தனித்தனியாக உட்காருவதுபோல. அதற்குச் சாட்சி ஒரு துளி மின்னழுத்தம்தான். பக்கத்தில் ஒரு சார்ஜர் இருந்தால்கூட அந்த இரைச்சலில் அது காணாமல் போய்விடும். அதனால் அளக்கும்முன் தேவையில்லாத பிளக்குகளைப் பிடுங்கிவிடுவது எங்கள் வழக்கம்.

அன்று மதியம் அவள் ஏணியில் நின்று, ஹீலியத் தொட்டியின் மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தாள். கம்பியின் அடியில், தொட்டிக்குள் இருக்கும் காந்தத்தின் நடுவே, அவளுடைய மெல்லிய உலோகத் துண்டு. அதைத் திருப்பினால் காந்தப்புலம் விழும் கோணம் மாறும். சுழல் உண்மையென்றால் மின்னழுத்தமும் குறி மாற வேண்டும். நான் கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பு கடகடத்தது. கோடு இவ்வளவு சுத்தமாக வந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னடி மாயம் பண்ணின? இரைச்சலே இல்லையே."

"மூளைன்னு ஒண்ணு இருக்கு. அதை உபயோகிச்சேன்."

வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. அண்ணனுக்கேற்ற தங்கை.

கம்பியை மறுபக்கம் திருப்பினாள். கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"மாறிடுச்சுடி," என்றேன்.

"நிஜமாவா அண்ணி?"

அது அவள் குரல் இல்லை. பொம்மைப் படத்து எலியின் குரல். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பும் கீச்சென்றுதான் வந்தது. பலூனிலிருந்து ஹீலியத்தை இழுத்துப் பேசிக் குழந்தைகளைச் சிரிக்கவைப்பார்கள், அதே குரல்.

ஹீலியம் லேசான வாயு, மேலேபோய்த்தான் தேங்கும். எங்கள் அறையின் கூரையோ தாழ்வு. அவள் தலை கூரைக்கு ஒரு முழம் கீழே இருந்தது. தொட்டி எங்கோ கசிகிறது, பம்பு சத்தத்தில் சீறல் கேட்கவில்லை. ஆனால் ஆக்ஸிஜன் குறைந்தால் அலற வேண்டிய அலாரம் என்ன ஆயிற்று? சுவரைப் பார்த்தேன். அதன் பிளக் தரையில் கிடந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிடுங்கியிருக்கிறாள், பாவி.

"இறங்குடி. உடனே இறங்கு."

"இன்னும் ஒரே ஒரு கோணம் அண்ணி."

"அங்க காத்து இல்லடி. செத்துப் போயிடுவ."

"எனக்கு ஒண்ணுமில்லையே. மூச்சு நல்லாத்தான் வருது."

அதுதான் பயங்கரம். தண்ணீரில் மூழ்குகிறவனுக்குத் திணறும். இதில் திணறலே இருக்காது. நெஞ்சு வழக்கம்போல ஏறி இறங்கும், உள்ளே போவது மட்டும் காற்றில்லை. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சிரித்துக்கொண்டே, கம்பி இல்லாத இடத்தில் விரல்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நானும் மேலே போனால் இரண்டு பிணம். ஆள் கூப்பிட ஓடினால் அதற்குள் அவள் விழுந்துவிடுவாள். கதவை உதைத்துத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறி, அவள் இடுப்பை வளைத்து இழுத்தேன். ஏணியை விடாமல் உதைத்தாள். ஓர் உதை என் தாடையில் விழுந்தது. பிறகு திடீரென்று தொய்ந்து, மூட்டைபோல் என்மேல் சரிந்தாள். அக்குளில் கைகொடுத்து நடைபாதைவரை இழுத்துப்போட்டேன். நெஞ்சு அசையவில்லை. அவள் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே கன்னத்தில் அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன்.

இருமினாள். கண் திறந்தாள். குரல் பழையபடி இருந்தது.

"எதுக்கு அண்ணி அழறீங்க?"

"என் உயிரையே வாங்கிட்டியேடி. அத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் இறங்கல?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"ஒரு தடவைதானே கூப்பிட்டீங்க? உடனே நானே இறங்கி வந்துட்டேனே."

பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். என் தாடை வீங்கத் தொடங்கியிருந்தது. கடைசிவரை அவளுக்குப் பயம் என்ற ஒன்று வரவே இல்லை. நான் எட்டிப் பிடிக்காமல் இருந்திருந்தால், பத்திரமாக இறங்கிவிட்டோம் என்ற நிம்மதியோடேயே செத்திருப்பாள்.