ஒன்பதாம் ரூம் சுவர்

விரிசலைக் கிளையாக்கிவிடு என்றான் மேனேஜர் முத்துக்கருப்பன். லைசென்ஸ் ஆய்வுக்கு ஆபீசர்கள் வருகிறார்களாம். அதற்குள் பட்டாசுக் கம்பெனியின் ஒன்பதாம் ரூம் சுவரில் ஒரு மரம் நிற்க வேண்டுமாம்.

"பைன் ஆர்ட்ஸ் படிச்ச பிள்ளைதானம்மா நீ? கீறல் எங்கன ஓடுதோ அங்கனயெல்லாம் கொப்பு. மேல ரெண்டு கிளி. முடிஞ்சது சோலி."

போன சீசனில் பக்கத்து ரூம் வெடித்தபோது விழுந்த விரிசல் அது. தரையிலிருந்து கூரைவரை ஓடுகிறது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் என் அம்மா இன்பம், பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிறாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கு வந்த முதல் ஆர்டர் இது. மாட்டேன் என்றேன். அம்மா விடவில்லை.

"ஏட்டி, ரூமைப் பூட்டிட்டாம்னா நாங்க எங்கன போயி உக்கார? தீவாளி வரைக்கும் ஒப்பேத்திருவோம். வரைஞ்சு குடு."

போனேன். பெண்களை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கேயும் வேலை நிற்கவில்லை. மரத்தடியில் மருந்து செலுத்துவது குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும்.

"ஏ ஜெஸ்லின், மரம் வரையாத தாயி," என்றாள் அம்மாவோடு ஒன்பதாம் ரூமில் இருக்கும் நாகஜோதி அக்கா. "மரத்தடியில வேலை பாக்காகன்னு ஆபீசரு சுவத்து மேலயே கேஸ் எழுதிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று என் பட்டி பூசும் தகட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு கவனம்! பிரஷ்ஷின் மரக்காம்பால் விரிசலைச் சுரண்டினேன். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே சிமெண்ட் இல்லை. காகிதம். கழித்துப்போட்ட பட்டாசுக் குழாய்களைத் திணித்து, மேலே மண்ணைப் பூசியிருந்தார்கள். ஒன்றை உருவினேன். உள்ளே மருந்து ஒட்டியிருந்தது. ஊறிப்போன காகிதமும் கந்தகமும் சேர்ந்த நாற்றம்.

"இது யார் பாத்த வேலை?"

முத்துக்கருப்பன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "வேஸ்ட்டுதானம்மா. குப்பையும் கழிஞ்சது, ஓட்டையும் அடைஞ்சது. மேல பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?"

இந்தக் குப்பையில்தான் இத்தனை நாளும் அம்மா முதுகு சாய்ந்திருந்தது.

பெயிண்ட் டப்பாவை நான் திறக்கவே இல்லை. ஒவ்வொரு குழாயாக உருவி வெளியே மணலில் எறிந்தேன். அவன் கத்தினான். நான் நிறுத்தவில்லை. பிடிமானம் போன ஒரு செங்கல் சரிந்தது, அதன் பின்னே இன்னொன்று. ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்தப் பக்கம் அம்மா எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஓட்டையில் எந்தக் கிளியை உட்கார வைப்பது? சாயங்காலமே முத்துக்கருப்பன் ரூமைப் பூட்டினான். அம்மாவும் கூட இருந்த மூன்று பேரும் இனி வர வேண்டாம் என்றுவிட்டான். நாகஜோதி அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் கம்பெனி வேனில் அம்மா வாயைத் திறந்தாள். "படிச்சவளுக்கு எங்கன போனாலும் சோறு கெடைக்கும். சீசன் நடுவுல என்னைய எவன்டி கூப்பிடுவான்? எம்புட்டுக் கஷ்டப்பட்டு உன்னையப் படிக்க வச்சேன், நல்லாச் செஞ்சுட்ட!"

வீடு வரும்வரை திட்டினாள். திட்டட்டும். நாளைக்கு அந்தச் சுவரில் அவள் சாயப் போவதில்லை.