யாருக்கும் நாக்கு சுடாத விருந்து

நாகுமோ சாயோ சனிக்கிழமை மதியக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கிச்சிஜோஜி திரையரங்குக்குத் தனியாகப் போனாள். ஓடிக்கொண்டிருந்தது அவள் வேலை செய்யும் யமாசெமி ஸ்டூடியோவின் பன்னிரண்டாவது அனிமேஷன் படம். மற்றவர்கள் வரைந்ததைத் திருத்தி, சரியென்றால் தாள்கட்டின் மேல் முத்திரை குத்துவது அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். தன் படத்தை ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பது அவளுக்கு வழக்கம்.

படம் முடிந்து வெளியே வந்தபோது, குடை வைக்கும் இடத்தருகே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"யமாசெமி கதை முடிஞ்சுபோச்சுடா," என்றான் கட்டையாக இருந்தவன்.

"போடா. படமெல்லாம் அப்படியேதான் இருக்கு. உனக்குத்தான் வயசாயிடுச்சு."

"எனக்கு வயசாயிருந்தா பழைய படமும் சலிச்சிருக்கணும்ல? போன வாரம்கூடப் போட்டுப் பாத்தேன். அழுதேன்டா."

சாயோ குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பொத்தாம்பொதுவா முடிஞ்சுபோச்சுன்னா எப்படி? எந்த இடம் சரியில்ல? அதச் சொல்லுங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களும் இவன் கட்சியா? சரி, சொல்றேன். அந்த விருந்துதான். இவங்களோட ரெண்டாவது படத்துல ஒரு பொண்ணு படகுத்துறையில உக்காந்து சோத்துருண்டை தின்னுவா, ஞாபகம் இருக்கா? ஒரு பருக்கை மணிக்கட்டுல ஒட்டிக்கும். பேசிக்கிட்டே அத நாக்கால எடுத்துப்பா. நான் ஓகிகுபோ ஸ்டேஷன்கிட்ட கடை வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு இருநூறு உருண்டை பிடிக்கிறவன். தின்னுறவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் என் பொழப்பு. அது நிஜங்க. இந்தப் படத்துல பதினாறு வகை வச்சிருக்கான், எல்லாம் பளபளங்குது, ஆவி பறக்குது. ஒருத்தனுக்காவது நாக்கு சுட்டுச்சா?"

சாயோ குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் படத்தில் விருந்தை மட்டும் அவளே வரைந்திருந்தாள். நான்கு மாதம் வரைந்தாள். அந்த ஆவியை எல்லோரும் பாராட்டியிருந்தார்கள்.

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. உருண்டை பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஆனால் வீடு சேர்வதற்குள் கோபம் வேறொன்றாக மாறியிருந்தது. அவன் சொன்னது பொய்யென்றால் நிரூபித்துவிட வேண்டும். மெய்யென்றால் எந்த இடத்தில் தொடங்கியது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை அவள் ஸ்டூடியோவின் சின்னத் திரையிடும் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். முதல் படத்திலிருந்து வரிசையாக, ஒரு நாளைக்கு மூன்று படம். கதையை அவள் கவனிக்கவில்லை. ஆட்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிச் செருப்பு மாட்டுகிறார்கள், எப்படி மூட்டை தூக்குகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டாள். மூன்றாவது படத்தில் ஒரு குழந்தை ஷூ மாட்டும்போது அம்மாவின் தலையைப் பிடித்துக்கொள்கிறது. அம்மாவின் கொண்டை கலைகிறது. ஏழாவது படத்தில் இன்னொரு குழந்தை அதே மாதிரி பிடித்துக்கொள்கிறது, கொண்டை கலையவில்லை. பதினோராவதிலும் குழந்தையின் கை அதே இடத்துக்குத்தான் போகிறது. ஆனால் அங்கே அம்மா நின்றுகொண்டிருக்கிறாள், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அவள் தலை இல்லை. கை சும்மா காற்றில் நிற்கிறது.

சாயோ படத்தை நிறுத்தினாள். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் 'குழந்தை ஷூ மாட்டுறத எப்படிப் போடறது?' என்று கேட்டால், அலமாரியிலிருந்து மூன்றாவது படத்தின் தாள்களை எடுத்து, 'இதப் பாத்துப் போடு' என்று கொடுத்தவள் அவள்தான். பதினைந்து வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை மாலை அவள் இயக்குநர் மினோவாவின் மேசை முன்னால் போய் நின்றாள். அறுபத்தாறு வயது மனிதர். ஒரு கையில் நூடுல்ஸ் சாப்பிடும் குச்சிகளும் மறு கையில் பென்சிலுமாக இருந்தார்.

"மினோவா-சான், இப்ப செய்யற படத்துல அந்தக் காலைச் சாப்பாடு இருக்கில்ல, அம்மா வேற ஊருக்கு வேலைக்குப் போனதுக்கு மறுநாள் அப்பாவும் மகனும் சாப்பிடறது. முப்பத்தெட்டு ஷாட். அத்தனையும் மறுபடி வரையணும்."

"அது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே. முத்திரை குத்துனது யாரு?"

"நான்தான். அதனாலதான் நானே வந்து கேக்கறேன்."

நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. "ஜூலைல ரிலீஸ். போஸ்டர் ஒட்டியாச்சு. எவனோ ஒரு சோத்துருண்டைக்காரன் சொன்னான்னு..."

"அவர் சொன்னதுக்காக இல்ல. பன்னிரண்டையும் உக்காந்து பாத்துட்டு வந்து சொல்றேன். நீங்க பாத்தீங்களா?"

"அப்போ இத்தனை வருஷமா நாம என்னத்தக் கிழிச்சோம்கற?"

"நம்ம படத்தப் பாத்தே நம்ம படத்த வரைஞ்சோம்."

மினோவா குச்சிகளைக் கீழே வைத்தார். அந்த முப்பத்தெட்டு ஷாட்டின் தாள்கட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூடுல்ஸ் ஊறிப் போனது.

"ஏழு ஷாட். பத்து நாள்," என்றார் கடைசியில். "நீ மட்டும். வேற யாரையும் இழுக்கக் கூடாது."

முப்பத்தெட்டு கேட்டு ஏழு கிடைத்தது. சாயோ பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓகிகுபோவில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்து, மூலை இருக்கையில் வரைபுத்தகத்தோடு உட்கார்ந்தாள். கட்டையானவனின் பெயர் ஈமுரா. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டான். "நீங்க தியேட்டர்ல சண்டைக்கு வந்தவங்கதானே?" என்று சிரித்தான். இரண்டாம் நாள் சூப் கொண்டுவந்து வைக்கும்போது தாளில் இருந்ததைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீங்க... யமாசெமியா?"

"ஆமா."

"அந்த விருந்து..."

"நான் வரைஞ்சதுதான். நாலு மாசம்."

"ஐயையோ! என் வாயில மண்ணப் போட!"

"மண்ணெல்லாம் வேணாம். நாளைக்கு மிசோ சூப்ப இன்னும் கொஞ்சம் சூடா வைங்க. யாராவது அவசரத்துல குடிக்கட்டும், பாக்கணும்."

நான்கு காலை அங்கே உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கோட் போட்ட ஒரு ஆள் வந்தார். தட்டிலிருந்து முள்ளங்கி ஊறுகாயைக் குச்சியால் எடுத்து, பக்கத்து இருக்கைப் பக்கம் நீட்டினார். அந்த இருக்கை காலி. குச்சி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதைத் தானே வாயில் போட்டுக்கொண்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்காக நீட்டினார் என்று சாயோ கேட்கவில்லை. தன் சூப்பைக்கூட முடிக்காமல் எழுந்து ஸ்டூடியோவுக்குப் போனாள்.

வரைவது சுலபமாக இல்லை. கை தானாகவே பழைய மணிக்கட்டை, பழைய விரல்களைப் போட்டது. போட்டதைக் கிழித்தாள். படத்தில் அப்பா வறுத்த மீனின் மொறுமொறுத் தோலை உரித்து, வழக்கம்போல் மனைவியின் கிண்ணம் இருந்த பக்கம் கொண்டுபோகிறான். அங்கே வெறும் மேசை. மகன் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி சூப்பை அள்ளிக் குடிக்கிறான், வாய் வெந்துபோகிறது. இவ்வளவுதான் ஏழு ஷாட். ஒன்பதாம் நாள் ஐந்து தேறியிருந்தது. பத்தாம் நாள் மாலை ஏழையும் மினோவாவின் மேசையில் வைத்தாள்.

அவர் அசைவு தெரியும்படி தாள்களை விரல்களுக்கிடையில் விசிறி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார்.

"மீதி முப்பத்தொண்ணும் இப்பக் கண்ண உறுத்துமே," என்றார்.

"உறுத்தட்டும்."

"உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி," என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

படம் ஜூலையில் வந்தது. 'யமாசெமியின் சரிவு தொடர்கிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. சாயோ முழுதும் படித்தாள். மறுக்க அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈமுராவின் கடைக்குப் போனாள்.

"பொய் சொல்ல மாட்டேங்க," என்றான் அவன், கையில் சோறு ஒட்டியிருக்க. "நடுவுல தூங்கிட்டேன். ஆனா அந்தக் காலைச் சாப்பாட்டுல முழிச்சிட்டேன். எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னானே என் கூட்டாளி, அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டான். விடவே இல்ல."

"எங்க தூங்குனீங்க? எந்தக் காட்சியில?"

"அதெல்லாம் எதுக்குங்க?"

"சொல்லுங்க," என்று அவள் நோட்டைத் திறந்தாள். அவன் சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

செப்டம்பரில் அடுத்த படத்துக்கான முதல் கூட்டம். மினோவா கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இதுல எத்தனை ஷாட் கேக்கப் போற?"

"எத்தனை இருக்கு?"

"ஆயிரத்து இருநூறு."

"அத்தனையும். கூட ஆறு மாசம் வேணும்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாயோ சிரிக்கவில்லை. மினோவாவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மூணு மாசம்," என்றார்.

"அஞ்சு. பழைய தாள் எதையாவது பாத்துப் போட்ட ஷாட்டுல என் முத்திரை விழாது. அது நீங்க வரைஞ்சதா இருந்தாலும் சரி."

அவர் அவளை முறைத்தார். பிறகு நாட்காட்டியை இழுத்து ஐந்து மாதத்தையும் எண்ணி, படம் வெளியாகும் தேதியை அடித்து வேறு தேதி எழுதினார்.